இட்லிப் பொடியும் எண்பது குழிகளும்

ஒரு காட்டில் ஒரு கீரி துப்பறிந்து பிழைத்து வந்தது. பெயர் துரைக்கண்ணு. கூட்டாளி ஓர் உடும்பு. அதன் பெயர் கோமளவல்லி. பெயரைப் பார்த்து ஏமாற வேண்டாம், பிடித்தால் பிடித்ததுதான். காட்டில் காணாமல் போகும் முட்டைகளை எல்லாம் இவை இரண்டும்தான் கண்டுபிடிக்கும். கண்டுபிடித்த பிறகு அவற்றை யார் தின்றார்கள் என்பது இந்தக் கதைக்குத் தேவையில்லை.

ஒருநாள் தவமணி என்ற மைனா அழுதுகொண்டே வந்தது.

"அண்ணே, என் மகன் செல்வராசு பனிக்காட்டுல கொட்டைக் கிடங்குக்குக் காவலுக்குப் போனான்ல? குளிர்காலத்துக்குச் சேர்த்து வெச்ச கொட்டை மொத்தமும் காணோமாம். இவன்தான் திருடிட்டான்னு கூண்டுல போட்டுட்டாங்க. வெள்ளிக்கிழமைக்குள்ள வேற திருடன் கிடைக்கலைன்னா இவன் இறக்கையை வெட்டிடுவாங்களாம்!"

"அது ஏன் வெள்ளிக்கிழமை?" என்றது கீரி.

"அங்க அதிகாரி ஒரு கரடி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் தூங்கப் போனா பங்குனியிலதான் எந்திரிக்குமாம். அதுக்குள்ள ஃபைலை மூடணுமாம்."

கீரிக்கு இரக்கமாக இருந்தது. முதல் வெளிநாட்டு வழக்கு என்பதால் சந்தோஷமாகவும் இருந்தது. இரக்கத்தை மட்டும் வெளியே காட்டியது.

அந்தக் காட்டில் படிவம் எதுவானாலும் நரி தணிகாசலம்தான் நிரப்பும். 'வருகையின் நோக்கம்' என்ற இடத்தில் "துப்பறிய" என்று எழுதச் சொன்னது கீரி.

"அப்படி எழுதினா ஆறு மாசம் இழுப்பான். சுற்றுலான்னு போட்டா நாளைக்கே விசா. எல்லாரும் அப்படித்தான் போடுறாங்க" என்றது நரி.

எல்லாரும் என்று சொல்லிவிட்டால் அந்தக் காட்டில் யாரும் மறுகேள்வி கேட்பதில்லை.

பனிக்காட்டுக்குக் கூழைக்கடாவின் அலகுப் பைக்குள் உட்கார்ந்துதான் பறக்க வேண்டும். தலைக்கு ஐந்து கிலோ மூட்டை அனுமதி. செய்தி பரவியதும் காடே திரண்டு வந்தது. குரங்கு அங்கே இருக்கும் தன் அக்காவுக்கு மாவடு கொடுத்தது. காட்டுக்கோழி சம்பந்தி வீட்டுக்கு வடகம் கொடுத்தது. தவமணி, எள் தூக்கலாகப் போட்டு வறுத்து இடித்த இட்லிப் பொடியை மகனுக்குக் கொடுத்தது. "இத்தனூண்டுதானே" என்று ஒவ்வொன்றும் சொன்னது. எடை போட்டால் கூடுதலாக இருந்தது. எதையாவது வெளியே எடுத்து வைத்தாக வேண்டும். அடுத்தவர் நம்பிக் கொடுத்ததை எடுத்து வைப்பது மரியாதையா? ஆகவே தங்கள் பூதக்கண்ணாடியையும் கைரேகைப் பொடியையும் எடுத்து வைத்தன.

பனிக்காட்டில் செல்வராசு கூண்டுக்குள் ஒடுங்கி உட்கார்ந்திருந்தது. "நான் எடுக்கலைண்ணே" என்றது. பிறகு மெதுவாக, "அம்மா ஏதாச்சும் குடுத்து விட்டாங்களா?" என்று கேட்டது.

வெளிச் சாப்பாடு அனுமதி இல்லை என்று கூண்டில் பலகை தொங்கியது. விடுதலையானதும் தருவதாகச் சொல்லிவிட்டுக் கீரி கிடங்குக்குப் போனது. குளிரில் விறைத்துப்போன உடும்பு, இரண்டு ஸ்வெட்டர்களுக்குள் இருந்தபடி பின்னால் ஊர்ந்தது.

கிடங்குத் தலைவர் குஸ்தாவ் என்ற அணில். முதுகில் கோடு கிடையாது. ராமர் அந்தப் பக்கம் போகவில்லை போலிருக்கிறது. "மிகவும் வருந்தத்தக்க நிகழ்வு" என்று சொல்லிக் கதவைத் திறந்துவிட்டது.

தடயம் எடுக்கப் பொடி இல்லை. கீரி உடும்பைப் பார்த்தது. உடும்பு மூட்டையைப் பார்த்தது. இரண்டும் இட்லிப் பொடியைத் தரையில் தூவி ஊதின. கொட்டையின் எண்ணெய்ப் பிசுக்கு இருந்த இடமெல்லாம் பொடி ஒட்டிக்கொண்டு கால்தடங்கள் தெரிந்தன. மைனாவின் தடம் வாசலோடு நின்றுவிட்டது. உள்ளிருந்து பின்வாசல் வரை போனதெல்லாம் அணில் தடம். பின்வாசலுக்கு வெளியே கீரி மோப்பம் பிடித்துத் தோண்டியது. தோண்டிய இடமெல்லாம் கொட்டை. மொத்தம் எண்பது குழிகள்.

குஸ்தாவ் தும்மிக்கொண்டே வந்து எட்டிப் பார்த்தது.

"அடடா! பத்திரமாக இருக்கட்டும் என்று நான்தான் புதைத்தேன். எங்கே என்பது மறந்துவிட்டது. பிறகு, புதைத்ததே மறந்துவிட்டது."

வெள்ளிக்கிழமை மாலை எல்லாரும் கரடியின் அலுவலகத்தில் நின்றார்கள். கரடி கொட்டாவி விட்டபடி அறிக்கையைப் படித்தது.

"தெளிவாக இருக்கிறது. கண்டுபிடித்தது யார்?"

"நாங்கதான்" என்று கீரி நெஞ்சை நிமிர்த்தியது.

கரடி விசாவைப் புரட்டியது. "நோக்கம், சுற்றுலா. சுற்றுலா வந்தவர்கள் வேலை செய்யக் கூடாது. துப்பறிவது வேலை. விதியை மீறிக் கண்டுபிடித்த உண்மை இங்கே செல்லாது. இறக்கையை வெட்டலாம்."

"ஐயா, உண்மை உண்மைதானே?"

"இருக்கலாம். ஆனால் அதை ஒரு தகுதியுள்ள நபர் சமர்ப்பிக்க வேண்டும்." கரடியின் கண் பாதி மூடிவிட்டது. கத்தரியோடு ஒரு நண்டு உள்ளே வந்தது. ஓரத்தில் கொண்டுவந்து வைத்த கூண்டில் செல்வராசு இறக்கைகளை உடம்போடு இறுக்கிக்கொண்டது.

அப்போது உடும்பு, பக்கத்தில் நின்ற குஸ்தாவின் வாலைப் பிடித்தது.

"ஐயா, கண்டுபிடிச்சது இவர்தான்."

"நானா?" என்றது குஸ்தாவ்.

"நீங்கதான். மறந்துட்டீங்க."

குஸ்தாவ் சிறிது யோசித்தது. "இருக்கும்" என்றது.

கீரிக்கு வயிறு எரிந்தது. வாழ்நாளில் இனி இப்படி ஒரு வழக்கு வரப்போவதில்லை. கூண்டைப் பார்த்தது. பிறகு அறிக்கையில் தன் பெயரைத் தானே அடித்துவிட்டு அணிலின் பெயரை எழுதியது.

கரடி முத்திரை குத்தியது. செல்வராசுவை விடுவித்தது, குஸ்தாவுக்குப் பதக்கம் மாட்டியது, இட்லிப் பொடி டப்பாவைத் தடயமாகச் சீல் வைத்தது. பிறகு மேஜையிலேயே தூங்கிவிட்டது.

ஊர் திரும்பியதும் தவமணி ஓடி வந்தது.

"இறக்கை?"

"ரெண்டும் பத்திரமா இருக்கு. எங்க முன்னாடியே பறந்து காட்டிட்டுத்தான் காவலுக்குத் திரும்பிப் போனான்" என்றது கீரி.

தவமணி கொஞ்ச நேரம் அழுதது. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பொடி எப்படி இருக்குன்னான்?" என்றது.

"அதை... பங்குனி வரைக்கும் யாரும் தொடக் கூடாதாம்க்கா" என்றது உடும்பு.

அன்றிலிருந்து தவமணி இருவரோடும் பேசுவதில்லை. நம்பிக் கொடுத்த பொடியைக் கூடக் கொண்டுபோய்ச் சேர்க்கத் துப்பில்லாதவர்கள் என்றும், தன் மகனைக் காப்பாற்றியது குஸ்தாவ் என்ற தங்கமான அணில் என்றும், அரசாங்கக் காகிதத்திலேயே அப்படித்தான் இருக்கிறது என்றும் காடு முழுக்கச் சொல்லி வருகிறது. அடுத்த கூழைக்கடாவில் குஸ்தாவுக்கு இரண்டு டப்பா பொடி அனுப்பி வைத்தது.

குஸ்தாவ் அவற்றைப் பத்திரமாகப் புதைத்துவிட்டது.

நீதி: வாய்மையே வெல்லும். விண்ணப்பத்தை மட்டும் குற்றவாளியின் பெயரில் போட வேண்டும்.