வீடு பார்க்க வந்தவர்களும் என் ட்வீட்டர்களும்

கடையில் ஸ்பீக்கர் வாங்குகிறவன் வீட்டுக்கு வந்து பாட்டுக் கேட்பான். சொந்தமாக ஸ்பீக்கர் செய்கிறவன் பாட்டே கேட்பதில்லை, ஸ்பீக்கரைத்தான் கேட்பான். வீட்டுக்கு வந்தவர்களையும் பிடித்து உட்கார வைத்துக் கேட்கச் சொல்வான். "இப்ப பேஸ் வரும் பாருங்க" என்று விரலைத் தூக்கிக்கொண்டு நிற்பான். வந்தவர்கள் தண்ணீர் கேட்டால்கூட அவன் காதில் விழாது. நானும் அந்த இனம்தான். கல்யாணமாகி இத்தனை வருடம் ஆகியும் முழுசாகக் குணமாகவில்லை.

கல்யாணத்துக்கு முன்பு நான் மலேசியாவில், ஈப்போ நகரில் ஏர்கான் மாட்டுகிற வேலையில் இருந்தேன். மலர் அங்கே ஒரு பல் கிளினிக்கில் வேலை பார்த்தாள். ஒரு நாள் அவர்கள் ஏர்கான் ஒழுகியது, நான் போய்ச் சரி செய்தேன். அதற்குப் பிறகு அது அடிக்கடி ஒழுக ஆரம்பித்தது. (எப்படி என்று யாரும் கேட்காதீர்கள்.) விஷயம் தெலுக் இந்தானில் இருந்த அவள் அப்பாவின் காதுக்கு எட்டியபோது, பையனுக்கு என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். மலர் பயத்தில், "சவுண்ட் லைன்ல இருக்காருப்பா, ஸ்பீக்கரெல்லாம் டிசைன் பண்ணுவாரு" என்று உளறிவிட்டாள். அவளைக் குறை சொல்ல முடியாது. நான் அவளிடம் ஏர்கானைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை, எப்போதும் ஸ்பீக்கர் புராணம்தான். அதுவரை நான் உருப்படியாகச் செய்து முடித்திருந்தது ஒரே ஒரு ஸ்பீக்கர். அதுவும் பிஸ்கட் டின்னில்.

மலரின் அப்பாவுக்கு ஏற்கெனவே வேறொரு மாப்பிள்ளை மனதில் இருந்தான். சித்தியவானில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கிற குடும்பம். மகள் அழுது சாப்பிடாமல் கிடந்ததால் கொஞ்சம் இறங்கி வந்தார். ஒரு தடவை இந்த ஸ்பீக்கர் பையன் வீட்டைப் போய்ப் பார்ப்போம், மனதுக்குப் பட்டால் பேசலாம், படவில்லை என்றால் அந்தப் பேச்சையே விட்டுவிட வேண்டும் என்று மலரிடம் சத்தியம் வாங்கிக்கொண்டார். வீடு பார்க்க வருகிறவர்கள் குழாயில் தண்ணீர் வருகிறதா, சாமி மேடை எங்கே இருக்கிறது, மாமியார் முகம் எப்படி என்று பார்த்துவிட்டு, டீ குடித்துவிட்டுப் போவார்கள். எனக்கு அந்த ஒரு சாயங்காலத்தில்தான் மலர் கிடைப்பாளா மாட்டாளா என்பது இருந்தது.

"வீட்டக் கூட்டி வைங்க, நல்ல சட்டை போடுங்க, கம்மியா பேசுங்க. அது போதும் லா" என்று மலர் போனில் படித்துப் படித்துச் சொன்னாள். எனக்கு அது போதவில்லை. ஸ்பீக்கர் டிசைன் செய்கிறவன் வீட்டில் ஸ்பீக்கர் இல்லாவிட்டால் அவர் என்ன நினைப்பார்?

எங்கள் வீடு பத்து காஜா ஊருக்கு வெளியே, பழைய ரப்பர் எஸ்டேட் இருந்த இடத்தில் கட்டிய தாமான் குடியிருப்பில் ஒரு வரிசை வீடு. ஹாலில் நாலு பேர் உட்கார்ந்தால் ஐந்தாவது ஆள் சமையலறையில் நிற்க வேண்டும். அந்த ஹாலுக்கு நான் போட்ட திட்டம் கல்யாண மண்டபத்துக்கு உரியது. அடிச் சத்தம் தருகிற பேஸ் ஸ்பீக்கர் எவ்வளவு பெரியதோ அதற்குத் தகுந்த அளவில் பெட்டி செய்ய வேண்டும், அதற்குக் கணக்கு இருக்கிறது. எனக்கு அந்தக் கணக்கு புரியவில்லை. ஆகவே அப்பாவின் பழைய அலமாரியைப் பிரித்து, கிடைத்த பலகை எவ்வளவோ அவ்வளவு பெரிய பெட்டி என்று முடிவு செய்தேன். இரண்டு பெட்டிகளும் என் நெஞ்சு உயரம் வந்தன. அப்பா தன் வேட்டிகளை அட்டைப் பெட்டியில் அடுக்கி வைத்துக்கொண்டார்.

பேஸ் ஸ்பீக்கர்கள் என் நண்பன் சேகரின் காரிலிருந்து வந்தன. அவை இருக்கும்வரை அந்தக் காரில் ஏற மாட்டேன் என்று அவன் மனைவி சொல்லிவிட்டாளாம். பெட்டிக்குள்ளிருந்து காற்று வெளியே வர முன்பக்கம் ஒரு குழாய் வைக்க வேண்டும். அதற்கு பாத்ரூம் வேலையில் மிஞ்சிய பிவிசி பைப். உள்ளே எதிரொலி அடங்கப் பஞ்சு அடைக்க வேண்டும். அதற்கு அம்மாவின் இலவம் பஞ்சுத் தலையணைகள். (அம்மா தலையணையைத் தேடியபோது நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.)

கீச்சென்ற மேல் சத்தத்துக்குத் தனியாக ட்வீட்டர் என்ற சின்ன ஸ்பீக்கர் வேண்டும். நல்லதாக வாங்க எனக்கு வசதி இல்லை. சேகர்தான் வழி சொன்னான். "மச்சான், குருவி வீட்டுச் சாமான் கடைக்குப் போலாம். அங்க மலிவா கெடைக்கும்." எச்சிலால் கூடு கட்டுமே, அந்தக் கூட்டைச் சீனர்கள் பெரும் விலைக்கு வாங்கிச் சூப் வைத்துக் குடிப்பார்களே, அந்த வாலிட் குருவிக்கான கடை. எங்கள் பக்கத்தில் எத்தனையோ கடைவீடுகளின் மேல்மாடி இதற்காகவே அடைத்துக் கிடக்கும். ஜன்னல்களைப் பூசிவிட்டு, ஒரு பொந்து மட்டும் விட்டு, குருவிச் சத்தத்தை ஸ்பீக்கரில் பாடவிட்டு, நிஜக் குருவி ஏமாந்து வருமா என்று முதலாளிகள் காத்திருப்பார்கள். அதற்கான ட்வீட்டர்களைக் கூடைக்குள் கத்தரிக்காய் மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். பெட்டிக்கு எட்டு என்று அள்ளினேன்.

அங்கேயே ஒரு ஆம்ப்ளிஃபயரும் இருந்தது. அதில் நீல விளக்கு எரிந்தது. நீல விளக்கு எரிகிற எந்தப் பொருளையும் என்னால் விட்டுவிட்டு வர முடியாது. கடைக்காரர் டைமர், பேட்டரி, உள்ளேயே பதிந்திருக்கிற சத்தம் என்று மலாயில் நெடுநேரம் விளக்கினார். நான் நீல விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மலரின் அம்மாவும் அப்பாவும் ஒரு சனிக்கிழமை சாயங்காலம் வந்தார்கள். அவள் அப்பா லாரி ஓட்டி, பிறகு சொந்தமாகக் கடைவீடு வாங்கியவர். வெள்ளைச் சட்டை, பையில் பேனா, சிரிக்காத முகம். நான் அவரை நேராக இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில் போட்டிருந்த நாற்காலிக்கு அழைத்துப் போனேன். சவுண்டுக்கு அதுதான் சரியான இடம். மங்களகரமாக இருக்கட்டும் என்று நாதஸ்வரம் வைத்து, அவர் உட்காரக் குனிந்த நேரம் பார்த்துப் பட்டனை அழுத்தினேன்.

நாதஸ்வரத்துக்கு ஒரு குறையும் இல்லை. தவில்தான் கெடுத்தது. தவில் அடிக்கும்போதெல்லாம் பிவிசி பைப் வழியாகக் காற்று பிய்த்துக்கொண்டு வந்தது. அந்தச் சத்தத்தை எப்படிக் கௌரவமாக எழுதுவது என்று தெரியவில்லை. வயிறு சரியில்லாதவர்கள் சபையில் அடக்கிக்கொள்கிற சத்தம் அது. அதுவும் அவர் உட்கார்ந்த அதே நொடியில், அவர் உட்கார்ந்த இடத்திலிருந்தே வந்த மாதிரி வந்தது. மலரின் அம்மா கணவரை ஒரு பார்வை பார்த்தார். அவர் நாற்காலியைப் பார்த்தார். என் அப்பா கூரையைப் பார்த்தார். தவில்காரர் அதைப் பற்றியெல்லாம் கவலைப்படாமல் மறுபடி மறுபடி அடித்தார், பைப்பும் விடாமல் பதில் சொன்னது.

நான் அவசரத்தில் சத்தத்தைக் குறைக்கிறேன் என்று கூட்டிவிட்டேன். சாமி மேடையில் விபூதித் தட்டு நகர்ந்தது. வெளியே யாருடைய கார் அலாரமோ அலறியது. பைப்புக்குள்ளிருந்து இலவம் பஞ்சு பறந்து வந்து டீயில் விழுந்தது, கேசரியில் விழுந்தது, மலரின் அம்மாவின் பட்டுப்புடவையில் பூத்தது. ஹால் முழுக்க வெள்ளையாகப் பஞ்சு மிதந்தது. "ஏன்டா, இது என் தலையாணிடா" என்றார் அம்மா, சம்பந்தி வீட்டார் முன்னால்.

ஒரு வழியாக நிறுத்தினேன். அப்பா மழையைப் பற்றிச் சொன்னார். மலரின் அப்பா மீசையிலிருந்து பஞ்சை எடுத்து, எங்கே போடுவது என்று தெரியாமல் பையில் போட்டுக்கொண்டார். இருட்டத் தொடங்கும்போது எழுந்தார். "சரி, நாங்க கெளம்புறோம். சொல்லி அனுப்புறோம்" என்றார். சொல்லி அனுப்புகிறோம் என்றால் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்று எல்லாருக்கும் தெரியும். மலர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளிடம் என்னவென்று சொல்வேன்? உன்னைத் தலையணைப் பஞ்சில் தொலைத்துவிட்டேன் என்றா?

அவர் வாசல் கதவைத் திறந்தார். அந்த நேரம் நீல விளக்கு தானாகவே பச்சையாக மாறியது. பதினாறு ட்வீட்டர்களும் ஒன்றாகக் கீச்சிட ஆரம்பித்தன. குருவி வீட்டில் பொழுது சாயும்போது தானாகப் பாட வேண்டும் என்று செய்த சாமான் அது. கடைக்காரர் சொன்ன டைமர் அதுதான். நான் பாய்ந்து போய் பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. அதுதான் பேட்டரி.

பின்வரிசையில் குருவிக்காக அடைத்துக் கிடந்த கடைவீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்த குருவிகள் வழியிலேயே மனம் மாறிவிட்டன. முதலில் இரண்டு மூன்று, பிறகு கூட்டமாக, திறந்த கதவு வழியாக எங்கள் ஹாலுக்குள் புகுந்தன. அப்பா ஓடிப் போய், மேலே சுற்றிக்கொண்டிருந்த காற்றாடியை நிறுத்தினார். அம்மா கேசரித் தட்டின் மேல் குனிந்து காவல் இருந்தார். மலரின் அம்மா முந்தானையைத் தலைக்கு மேல் போட்டுக்கொண்டு சோபாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டார். என் புதுச் சட்டையில் என்னென்ன விழுந்தது என்று சொல்ல வேண்டியதில்லை.

மலரின் அப்பா மட்டும் அசையவில்லை. ஹால் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். அவர் முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு மலர்ச்சியைப் பார்த்தேன். முந்தானைக்குள்ளிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. "இதுக்குத்தான் நம்ம கடை மேல்மாடிய அடைச்சு வச்சு வருசக்கணக்கா தவம் கெடக்குறாரு. ஒண்ணு, ஒரே ஒண்ணு எட்டிப் பாக்கல."

அவர் மெதுவாக என் பக்கம் திரும்பினார். "தம்பி, இது நீங்களே டிசைன் பண்ணதா?"

"ஆமா மாமா" என்றேன். (ஏர்கானைப் பற்றிச் சொல்ல அது சரியான நேரமில்லை.)

அவர் மனைவியைப் பார்த்துச் சொன்னார்: "பாத்தியா? கூப்புட்ட ஒடனே தேடி வந்து நொழையுதுங்க. லட்சுமி கடாட்சம் உள்ள வீடு. இங்க குடுக்காம வேற எங்க குடுக்குறது?" பிறகு மறுபடி உட்கார்ந்து, பஞ்சு கிடந்த டீயை ஒரே மடக்கில் குடித்தார்.

கல்யாணப் பத்திரிகை அடிப்பதற்கு முன்பே ஒரு லாரி வந்து இரண்டு பெட்டிகளையும் ஆம்ப்ளிஃபயரையும் தெலுக் இந்தானுக்கு ஏற்றிக்கொண்டு போனது. மாமா அவற்றைக் கடை மேல்மாடியில் ஏற்றினார். இன்றைக்கும் பொழுது சாய்ந்தால் அவை அங்கே தவறாமல் பாடுகின்றன. குருவி மட்டும் வரவில்லை. ஒவ்வொரு தீபாவளிக்கும் மாமா என்னை அந்த இருட்டு மாடிக்கு அழைத்துப் போய், டார்ச் அடித்து, வெறும் கூரையைக் காட்டுவார். நான் ஒரு திருப்புளியை எடுத்து எதையாவது முடுக்கிவிட்டு, "இனிமே வரும் மாமா" என்று சொல்லிவிட்டு இறங்கி வருவேன்.

கீழே சாப்பாட்டு மேசையில் எங்கள் பிள்ளைகள், அத்தை, வந்த விருந்தாளிகள் எல்லாரும் காத்திருப்பார்கள். மாமா முகத்தைப் பார்த்தாலே அவர்களுக்குத் தெரிந்துவிடும். மலர் இட்லியைத் தட்டில் வைத்துக்கொண்டே, ஒவ்வொரு வருடமும் அதே நிதானத்தோடு சொல்வாள்: "குருவிய நம்பித்தான் எங்கப்பா என்னைக் குடுத்தாரு. குருவி இன்னும் வரல. நான் இங்கயே திரும்பி வந்துடறதா வேணாமான்னு அவரே சொல்லட்டும்."

"இன்னும் ஒரு வருசம் பாப்போம்மா" என்பார் மாமா.