பற்சக்கரம்

அக்டோபர் மாதம் பதினேழாம் நாள், சனிக்கிழமை. விடியற்காலையில் தொடங்கிய மழை, நிற்பதற்குரிய எந்த அறிகுறியையும் காட்டவில்லை.

கார் ஓடியது. அதில் எவருக்கும் ஐயம் வேண்டாம். இரண்டே கதவுகள் கொண்ட அந்தச் சின்னஞ்சிறு வண்டி, தன் நாற்பது வயதையும் மறந்து, போர்ட்டிகோவில் நின்றபடியே உறுமிக்கொண்டிருந்தது. ஓடாதது வைப்பர் ஒன்றே. சுவிட்சைத் திருகினால் அது பாதி உயரம் எழுந்து, ஒரு வணக்கம் வைத்துவிட்டு, மீண்டும் படுத்துக்கொண்டது.

"வெயில் அடிக்கிற நாள்ல மட்டும் ஓட்டிக்கலாமே," என்றாள் மனைவி.

"இதயம் துடிக்குது, இமை மட்டும் திறக்கல. அப்படியே விட்டுட முடியுமா?" என்றார் பல்செட்காரர்.

பல்செட் செய்வது அவருடைய தொழில். வீட்டின் முன்னறையே பட்டறை. பல் மருத்துவர்கள் அனுப்பும் அச்சுகளுக்கேற்ப மேல்வரிசையும் கீழ்வரிசையும் செய்து அனுப்புவார். காரையும் அதே கருவிகளைக் கொண்டுதான் அவர் சீரமைத்தார். டேஷ்போர்டின் வெடிப்புகளை ஈறு செய்யும் இளஞ்சிவப்புப் பசையால் அடைத்தார். பல்லுக்கு மெருகேற்றும் பொடியால் தேய்த்ததில், முன்புறக் கம்பி வரிசை முத்துப்பல்லாய்ச் சிரித்தது. எஞ்சினை மட்டும் மெக்கானிக்கிடம் கொடுத்துச் சரிசெய்துகொண்டார்.

வண்டி மாமனாருடையது. பதினான்கு மாதங்களுக்கு முன், அவர் வீட்டுக் கொல்லையில் தார்ப்பாயின்கீழ் அது துருவேறிக் கிடந்தபோது, "ஓட வெச்சீங்கன்னா உங்களுக்கே மாப்பிள்ளை," என்று அவர் ஒரு சொல் சொல்லியிருந்தார். சொல் மட்டுமே. வண்டியின் ஆவணங்கள் இன்றும் மாமனார் பெயரில்தான் இருந்தன. பல்செட்காரர் இரவில் புரண்டு படுப்பதற்கு அந்த ஒன்றே காரணம்.

முன்தினம் மாலை வைப்பர் மோட்டாரைப் பிரித்தபோது குற்றவாளி அகப்பட்டது. உள்ளங்கையளவு வெள்ளைப் பிளாஸ்டிக் சக்கரம். அதில் பல் இரண்டைக் காணவில்லை. உடனே அதைப் படம்பிடித்து, 'பல் போய்விட்டது' என்று குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இட்டார். இதுவரை அவர் இட்ட நூற்றுக்கணக்கான படங்களுக்கு ஒருவரும் பதில் போட்டதில்லை. ஒரே ஒருமுறை மைத்துனன் அழுகிற பொம்மை ஒன்றைப் போட்டான். அதுவும் கை தவறிப் போட்டதாம்.

ஆகவே, காலை ஒன்பது மணிக்கு மாமனாரே தொலைபேசியில் அழைத்து, "மாப்பிள்ளை, பல்லு என்னாச்சு?" என்று கேட்டபோது, பல்செட்காரருக்குக் கால்கள் தரையில் பாவவில்லை.

"மாமா! பார்த்தீங்களா! அதைத்தான் இப்ப கையில வெச்சிட்டிருக்கேன்!"

"இன்னைக்கே வேணும் மாப்பிள்ளை. பழசை இனிமே நம்பிப் பிரயோஜனமில்ல. நாலரைக்கு என் பழைய ஆபீஸ் ஆளுங்கல்லாம் வீட்டுக்கு வராங்க. அவங்க முன்னாடி என் மானம் போயிடக் கூடாது."

"போகாது மாமா! அசந்து போயிடுவாங்க!"

"நாலு மணிக்குள்ள பல்லோட வந்துடுங்க. இல்லேன்னா வேற ஆள்கிட்ட கொடுத்துடுவேன், இப்பவே சொல்லிட்டேன். பல்லு போனா சொல்லு போச்சு மாப்பிள்ளை!"

இணைப்பு அறுந்தது. பல்செட்காரர் மனைவியிடம் ஓடினார்.

"நாலு மணிக்குள்ள காரோட போகலேன்னா, கொடுத்த சொல் செல்லாதாம். வேற யாருக்கோ கொடுத்துடுவாராம்!"

"அப்பாவா அப்படிச் சொன்னாரு?" மனைவி நம்பவில்லை. "அவர் குரல் எப்படி இருந்துச்சு?"

"குழறுச்சு. எல்லாம் உணர்ச்சிவசம்!"

அதற்குமேல் அவர் ஒரு நொடியையும் வீணாக்கவில்லை. முதலில், விழுந்த பற்களின் இடத்தில் விரைவுப் பசையை வைத்தார். பசை வழிந்து, சக்கரம் மோட்டாரின் மூடியோடு ஒட்டிக்கொண்டது. நெம்பி எடுத்ததில் மேலும் மூன்று பற்கள் உதிர்ந்தன.

அடுத்து, ஈறுப் பசையால் ஐந்து பற்களை வார்த்து ஒட்டினார். வைப்பர் எழுந்தது! கண்ணாடியை முழுவதுமாக ஒருமுறை துடைத்தது! பல்செட்காரர் துள்ளிக் குதித்து மனைவியின் கைகளைப் பற்றிக்கொண்டார். மறுகணம் ஏதோ கருகும் வாடை வீசியது. ஈறு உருகி, அல்வாப் பதத்தில் ஒழுகிக்கொண்டிருந்தது.

மீண்டும் தொலைபேசி அழைத்தது.

"மாப்பிள்ளை, ஆச்சா?"

"அஞ்சு குறையுது மாமா. அதை மட்டும் வெச்சுட்டா முடிஞ்சுது."

"குறையுதா? எனக்கு இருபத்தெட்டும் இருந்தாகணும்!"

பல்செட்காரர் சக்கரத்தைக் கையிலெடுத்து, ஒவ்வொன்றாக எண்ணினார். இருப்பவை இருபத்துமூன்று, போனவை ஐந்து. அவர் உடல் சிலிர்த்தது. தொலைபேசியைப் பொத்திக்கொண்டு மனைவியிடம் கிசுகிசுத்தார்: "வைப்பர் சக்கரத்துக்கு எத்தனை பல்லுன்னு வீட்ல உட்கார்ந்தபடியே சொல்றாரு! இவரல்லவா ரசிகர்!"

"சத்தம் கித்தம் வராதே?" என்று மாமனார் கேட்டார்.

"கிரீஸ் தடவிட்டா வராது மாமா. வழுக்கிட்டு ஓடும்."

"கிரீஸா! என்னவோ… நீங்க தொழில் தெரிஞ்சவரு. பார்த்துச் செய்யுங்க."

மணி இரண்டைத் தாண்டியது. உருகாத, உடையாத, வெள்ளையான, உறுதியான ஐந்து பற்கள் வேண்டும். பட்டறையை நாற்புறமும் நோக்கிய பல்செட்காரரின் பார்வை அலமாரியின் மேல்தட்டில் போய் நின்றது. அங்கே ஒரு டப்பாவில், முழுமையாய் முடிந்த ஒரு பல்செட், மெருகு குன்றாமல் காத்திருந்தது.

"வெண்ணெயைக் கையில வெச்சுக்கிட்டு நெய்க்கு அலைஞ்சிருக்கேனே!"

மனைவி டப்பாவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இதுல பேரே இல்லையேங்க. எல்லாத்துலயும் எழுதுவீங்களே. யாரோட பல்லு?"

"பேர் இல்லாத பல்லை எவன் தேடி வரப்போறான்? எவனாவது கேட்டா வேற செஞ்சு கொடுத்துடலாம்."

ஐந்து கடைவாய்ப் பற்களைப் பிடுங்கினார்; அரத்தால் அராவினார்; சக்கரத்தில் பதித்தார். இருபத்தெட்டு! அவசரத்தில் மோட்டாரைப் பொருத்தும்போது ஒரு வயர் மட்டும் இடம் மாறிவிட்டது. எனவே வைப்பர் ஒவ்வொரு முறை துடைக்கும்போதும் ஹாரனும் அடித்தது.

"இதைச் சரிபண்ணிட்டுக் கிளம்பலாங்க."

"நேரமில்ல, ஏறு! இன்னும் ஒரு தடவை சரிபண்ணினா எஞ்சினே கழண்டுடும்!"

இவ்வாறாக அந்தக் கார், பதினான்கு மாதங்களுக்குப் பின் தெருவில் இறங்கியது. குளிரில் பல் தந்தியடிப்பது போல் வைப்பர் கடகடத்தது. 'கடகட, பீப்! கடகட, பீப்!' குடைபிடித்துச் சென்றவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். முன்னே சென்ற லாரி, பின்னால் வருவது என்ன அவசரமோ என்று ஓரங்கட்டி நின்றது. சிக்னலில் ஒரு போலீஸ்காரர் காரைக் கண்டு, கோபிப்பதா சிரிப்பதா என்று தெரியாமல் கையசைத்து அனுப்பிவிட்டார். மனைவி முதலில் முகத்தை மூடிக்கொண்டாள். பிறகு விரலிடுக்கால் பார்த்தாள். பிறகு சிரிக்கவே தொடங்கிவிட்டாள்.

"பரவாயில்லைங்க, நிஜமாவே ஓடுதே!"

"ஓடுதா? பறக்குதுன்னு சொல்லு!"

மாமனார் வீடு மேட்டின் உச்சியில் இருந்தது. இரண்டாவது கியரில் முனகி, முதல் கியரில் மூச்சுவாங்கி, கார் மேட்டில் ஏறியது. வாசலில் நின்றபோதும் வைப்பர் ஓயவில்லை. முன்னதாகவே வந்துவிட்ட நண்பர்கள் நால்வர், ஹாரன் ஓசை கேட்டு வராந்தாவுக்கு ஓடிவந்தார்கள். அவர்கள் நடுவே மாமனார், கைக்குட்டையால் வாயை மூடியபடி நின்றார். அவர் பார்வை காரின்மேல் படவேயில்லை. மருமகனின் வெறுங்கைகளையே உற்றுநோக்கியது.

பல்செட்காரர் மழையில் நனைந்தபடி, மார்பை நிமிர்த்திக்கொண்டு கூவினார்: "சொன்ன சொல்லைக் காப்பாத்திட்டேன் மாமா! பல்லோட வந்துட்டேன்! இருபத்தெட்டும் இருக்கு! பாருங்க, எப்படி ஓடுதுன்னு!"

மாமனார் வாய் திறக்கவில்லை. பின்னாலிருந்து மாமியார்தான் எட்டிப்பார்த்தார்.

"காரை என்னைக்கோ உங்களுக்குன்னு கொடுத்தாச்சே மாப்பிள்ளை, அதை இப்ப யாரு கேட்டா? நேத்து ராத்திரி இவரோட பழைய பல்செட்டு உடைஞ்சு போச்சு. 'நம்ம வீட்டுப் பல்லுதானே அத்தை, டப்பா மேல பேரெல்லாம் எதுக்கு'ன்னு மூணு மாசம் முன்னாடி அச்சு எடுத்துட்டுப் போனீங்களே, அந்தப் பல்லு எங்கே?"

வாசலில் ஐந்து கடைவாய்ப் பற்கள் இடைவிடாமல் மழையை மென்றுகொண்டிருந்தன. அப்போது மணி மூன்று ஐம்பத்தெட்டு.