மன்சூர் தரிசில் ஒரு கால்ஃப் பந்தயம்

"லத்தியப் பிடிக்க மாதிரி பிடிக்காதீங்க அண்ணாச்சி! கோழிக்குஞ்சப் பிடிக்க மாதிரி பிடிங்க."

மன்சூர் இதைப் பத்தாவது தடவையாகச் சொன்னான். துபாயில் கால்ஃப் கிளப்பில் எட்டு வருஷம் புல் வெட்டியவன். வடகரையில் அவனுடைய தரிசு நிலம்தான் இப்போது மைதானம்.

ஓய்வுபெற்ற சப்-இன்ஸ்பெக்டர் சுடலைக்கண்ணுவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. முப்பது வருஷம் லத்தி பிடித்த கைக்கு இவன் பாடம் சொல்லுகிறான்!

எல்லாம் வாயால் வந்த வினை. மகள் அபியைப் பெண் பார்க்க வந்தபோது, மாப்பிள்ளையின் அப்பா சுபேதார் நல்லகண்ணு, "பட்டாளத்துல கால்ஃப்ல நம்மள அடிச்சிக்க ஆள் கிடையாது" என்று மீசையை நீவினார். பட்டாளத்துக்குப் போலீஸ் என்ன இளப்பமா?

"நானும் ஆடுவேம்லா" என்றார் சுடலைக்கண்ணு.

"அப்பம் அடுத்த ஞாயித்துக்கிழமை ஆடிக்கிட்டே நிச்சயதார்த்தம் பேசுவோம்!"

புளுகு வெளிப்பட்டால் சம்பந்தம் போச்சு. அபிக்கோ மாப்பிள்ளையை ரொம்பப் பிடித்திருந்தது.

சுடலைக்கண்ணு பிடியைத் தளர்த்தி வீசினார். ஸ்டிக் பறந்துபோய்த் தென்னையின் கொண்டையில் செருகிக்கொண்டது.

மறுநாள் மன்சூர் வேறு தப்பைக் கண்டுபிடித்தான். "அடிக்கதுக்கு முன்னாலயே பந்து எங்க போகுதுன்னு நிமிந்து பாக்கீங்க. தலையத் தூக்கப்படாது."

தூக்கவில்லை. பந்து பம்ப்செட் சுவரில் மோதித் திரும்பி அவர் இடுப்பிலேயே விழுந்தது.

"வேகம் ஜாஸ்தி அண்ணாச்சி. மெதுவா."

மெதுவாக அடித்தார். பந்து இருந்த இடத்திலேயே இருந்தது, மண் மட்டும் போயிற்று.

இது போதாதென்று, தினமும் சாயங்காலம் வந்து பார்த்தால் தரிசில் புதுசு புதுசாகப் பள்ளம்.

"பன்னி தோண்டுதுலே! மலையில இடமா இல்ல? மூதேவி, என் கையில சிக்கட்டும்!"

மன்சூர் குற்றால மலையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

பன்றி வராமலிருக்கச் சுடலைக்கண்ணு மனைவி வடிவம்மாளின் பழைய சேலைகளைக் கொண்டுவந்து சுற்றிலும் கட்டினார். மறுநாள் சேலைகள் எல்லாம் மடித்து, விளிம்பு பிசகாமல் பம்ப்செட்டில் அடுக்கியிருந்தன.

"ஏலே, பன்னி சேலை மடிக்குமா?"

"புல்லறுக்க வருத சங்கரேஸ்வரி அக்கா மடிச்சிருப்பா" என்றான் மன்சூர் அவசரமாக.

ஞாயிற்றுக்கிழமை சுபேதார் வெள்ளைத் தொப்பி, வெள்ளை ஷூவோடு வந்து இறங்கினார். சுடலைக்கண்ணு குலசாமியைக் கும்பிட்டுக்கொண்டு அடித்தார். பந்து நாலடி தூரம் நகர்ந்தது.

சுபேதார் சிரிக்கவில்லை. கோழிக்குஞ்சைப் பிடிப்பதுபோல் ஸ்டிக்கைப் பிடித்தார். தலையைத் தூக்காமல், மெதுவாக வீசினார். பந்து அசையவேயில்லை. ஒரு கூடை மண் பெயர்ந்து பள்ளம் விழுந்தது.

சுடலைக்கண்ணு கொதித்தார். இந்த லட்சணத்துக்கா அவர் ஒரு வாரமாக இடுப்பொடிந்தார்? வாயைத் திறக்கப் போனவர், பள்ளத்தைப் பார்த்து அப்படியே நின்றார். அதே அகலம், அதே ஆழம்.

புல்லுக்கட்டோடு வந்த சங்கரேஸ்வரி சுபேதாரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தாள்.

"அண்ணாச்சி, நீங்க தினமும் ஏசுத பன்னி இவுகதான்! காலை வகுப்பு இவுகளுக்கு, சாயங்கால வகுப்பு உங்களுக்கு. சேலைய மட்டும் என்னமா மடிச்சு வச்சாக!"