நாற்பத்தெட்டாவது பாக்கெட்

என் கல்யாணத்தன்று பந்தியில் விரித்த இலைகளை எண்ணியவன் நான்தான். மாப்பிள்ளைக் கோலத்தில், கழுத்தில் மாலையோடு, சாப்பாட்டுக் கூடத்தின் வாசலில் நின்று எண்ணினேன். விரித்தது இருநூற்றுப் பன்னிரண்டு. சாப்பிட்டு எழுந்தவர்கள் இருநூற்று ஒன்பது பேர். அந்த மூன்று இலைகளும் எங்கே போயின என்று இன்றுவரை தெரியாது. (மாமனார் வீட்டார் மேல் எனக்குச் சந்தேகம் தொடங்கியது அன்றுதான். மாமனார் போய்ச் சேர்ந்து பதினாறு வருஷம் ஆகிறது. சந்தேகம் நலமாக இருக்கிறது.)

இதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இல்லாவிட்டால், மூன்று வருஷத்துக்கு முன்னால் நான் கப்பலைத் தவறவிட்ட கதையைப் படித்துவிட்டு, பாவம் பெரியவருக்கு யாரோ துரோகம் செய்துவிட்டார்கள் என்று நினைப்பீர்கள். நானும் இரண்டு நாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது எனக்கு அறுபத்தெட்டு வயது. விவரம் தெரியாத பருவம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் முப்பத்து நான்கு வருஷம் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். ஜோடி ஜோடியாக எண்ணிப் பெட்டியில் அடுக்கி, உள்ளே என்னென்ன எத்தனை இருக்கிறது என்று பட்டியல் ஒட்டி, கையெழுத்துப் போட்டுக் கப்பலுக்கு அனுப்புவது வேலை. என் கையெழுத்தோடு போன சரக்கில் ஒரு ஜோடி குறைந்ததில்லை. ஆனால் ஒரே ஒரு முறை, ஒரு கன்டெய்னர் நிறைய ஷூ ஜெர்மனியிலிருந்து திரும்பி வந்தது. எண்ணிக்கை சரியாக இருந்தது. எல்லாவற்றின் மேலும் பச்சைப் பூஞ்சை பூத்திருந்தது. கடல் காற்றின் வேலை. புது ஷூ பெட்டிக்குள் ஒரு சின்ன வெள்ளைப் பாக்கெட் கிடக்குமே, ‘தின்னாதே’ என்று அச்சடித்து? சிலிக்கா ஜெல். ஈரத்தை உறிஞ்சுவது. அதைப் போட மறந்திருந்தார்கள். (மறந்தது யார் என்று சொல்லமாட்டேன். அவன் இந்தக் கட்டுரையை எழுதிக்கொண்டிருக்கிறான்.)

என் மனைவி எஸ்தரும் அதே கம்பெனியில்தான் இருந்தாள். ஷூவின் மேல்பாகம் தைக்கும் பிரிவில் இருபத்திரண்டு வருஷம். அவளுக்கு ஒரே ஒரு ஆசை உண்டு. அதை வருஷத்துக்கு நான்கைந்து முறை சொல்வாள்.

“நான் தெச்ச ஷூவெல்லாம் கடல் தாண்டிப் போச்சு. நான் மட்டும் முட்டி வரைக்கும்தான் கடல்ல நின்னுருக்கேன். கர எங்கயும் தெரியாத எடத்துல நின்னு ஒரு தடவ பாத்துடணும்.”

ஒருநாள் சென்னையிலிருந்து மகள் ஷீலாவும் மருமகன் பிரபாகரும் வந்தார்கள். சென்னையிலிருந்து புறப்படும் உல்லாசக் கப்பலில் மூன்று இரவு, நான்கு டிக்கெட். எஸ்தர் டிக்கெட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். நான் மருமகனைப் பார்த்தேன்.

“எதுக்கு மாப்ள திடீர்னு?”

“சும்மாதான் மாமா. அத்தைக்கு ஆசையாச்சே.”

சும்மா என்ற சொல்லை நான் நம்புவதில்லை. மாமனாரைக் கடலுக்கு அழைத்துப் போவதற்கும் கடலில் தள்ளுவதற்கும் நடுவே ஒரு கைப்பிடிக் கம்பிதான் இருக்கிறது. அவர்கள் ஊருக்குப் போனதும் என் ஆயுள் காப்பீட்டுப் பத்திரத்தை எடுத்து வாரிசு யார் என்று பார்த்தேன். எஸ்தர். அதற்கப்புறம் அவளையும் கொஞ்சம் கவனிக்க ஆரம்பித்தேன்.

கப்பலில் நூலகம் இருக்கிறது என்று ஷீலா சொன்னாள். நான் ஏமாறவில்லை. பொது இடத்துப் புத்தகங்களின் யோக்கியதை எனக்குத் தெரியும். ஒருமுறை ரயிலில் இரவல் வாங்கிப் படித்த துப்பறியும் நாவலில் கடைசி நான்கு பக்கங்கள் இல்லை. பதினெட்டு வருஷமாக அந்தக் கொலைகாரன் வெளியே சுற்றிக்கொண்டிருக்கிறான். ஆகவே புத்தகங்களை நானே கொண்டுபோவதென்று முடிவு செய்து கணக்குப் போட்டேன். மூன்று நாளில் விழித்திருக்கும் நேரம் நாற்பத்தெட்டு மணி. சாப்பாடு, குளியல், ஜெபம், சந்தேகத்துக்குரியவர்களைக் கண்காணித்தல் எல்லாமாகப் பதினைந்து மணி. கடலைப் பார்க்க ஒரு மணி நேரம். (தண்ணீர்தானே.) மிச்சம் முப்பத்திரண்டு மணி. மணிக்கு முப்பது பக்கம் வீதம் தொள்ளாயிரத்து அறுபது பக்கம்.

கடலில் எனக்கு என்னென்ன ஆபத்து நேரலாம் என்று யோசித்து அதன்படியே புத்தகங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஒன்று, கப்பல்கள் எப்படியெல்லாம் மூழ்கின என்பதைப் பற்றி, படங்களோடு, முந்நூற்று இருபது பக்கம். இரண்டு, துறைமுகக் கடத்தல்காரர்களைப் பற்றிய துப்பறியும் நாவல், இருநூற்று இருபது. மூன்று, விஷ முறிவும் முதலுதவியும், நூற்று எண்பது. (கப்பல் சமையலை யார் கண்டார்கள்?) நான்கு, சாமானியனுக்கான சட்டக் கையேடு, இருநூற்று நாற்பது. நான்கிலும் ஒவ்வொரு பக்கமாக எண்ணிச் சரிபார்த்தேன். நான் என்ன படிக்கிறேன் என்று பக்கத்தில் இருப்பவனுக்குத் தெரியவேண்டியதில்லை என்பதால் பழுப்புத் தாளில் அட்டை போட்டு, 1/4, 2/4 என்று நம்பர் மட்டும் எழுதினேன்.

எஸ்தர் எடுத்துவைத்தது ஒரே ஒரு மாத நாவல். தொண்ணூற்றாறு பக்கம்.

“மூணு நாளைக்கு இது எப்படிப் போதும்?”

“நான் கடலப் பாக்கப் போறேன். படிக்கப் போறது நீங்க.”

அடுத்த கவலை பூஞ்சை. தோலில் பிடித்த கடல் காற்று தாளில் பிடிக்காதா? எங்கள் தெருவில் குடியிருக்கும் நஸீர் பாய், மேல்விஷாரத்துக்காரர், ஆம்பூர் பஜாரில் பேக்கிங் சாமான் கடை வைத்திருக்கிறார். இருபது பக்கத்துக்கு ஒரு பாக்கெட் என்று கணக்குப் பண்ணி அவரிடம் போனேன்.

“பாய், சிலிக்கா ஜெல் நாப்பத்தெட்டு குடுங்க.”

“இன்னா சூப்பர்வைசர் சார், மறுபடி பிசினஸா?”

“இல்ல. கப்பல்ல போறேன். புத்தகத்துக்கு.”

பாய் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “சார், மூணு நாள்ல புத்தகத்துல பூஞ்ச வராது. கப்பல் பூரா ஏசி. மனுசனுக்குத்தான் ஜலதோஷம் பிடிக்கும்.”

“ஜெர்மனி சரக்குக்கும் இப்படித்தான் சொன்னாங்க, ஒண்ணும் ஆவாதுன்னு.”

“அத சொன்னதே நீங்கதான சார்!”

வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பையும் அவரிடமே ஒப்படைத்துவிட்டு வந்தேன். புறப்படுவதற்கு முந்தின நாள் மாலை பாக்கெட்டுகளைப் புத்தகங்களுக்குள் வைத்தேன். நான்கும் சினை ஆடுபோல வயிறு புடைத்து நின்றன. பெட்டியில் அடுக்கி, வரிசை எண் போட்டு முப்பத்தொரு சாமானுக்குப் பட்டியல் எழுதி, மூடியின் உள்பக்கம் ஒட்டிக் கையெழுத்துப் போட்டேன். இருபத்தேழாவது வரி: சிலிக்கா ஜெல் – 48. மறுநாள் காலை பெட்டியைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் குறுக்கேயும் ஒரு கையெழுத்து.

துறைமுகத்தில் மற்றவர்கள் பெட்டியைக் கூலியாளிடம் கொடுத்துவிட்டுக் கைவீசி நடந்தார்கள். நான் கொடுக்கவில்லை. பெட்டியை நானே இழுத்துக்கொண்டு போய்ச் சோதனை இயந்திரத்தில் வைத்தேன். எஸ்தரின் பை முதலில் போயிற்று. அவளும் ஷீலாவும் பிரபாகரும் அந்தப் பக்கம் போய்விட்டார்கள். என் பெட்டி உள்ளே போய் நின்றது. பின்னால் வந்தது. மறுபடி உள்ளே போயிற்று. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தவர் இன்னொருவரைக் கூப்பிட்டார். அவர் ஒரு பெண் அதிகாரியைக் கூப்பிட்டார். அந்த அம்மா என் கையெழுத்தைக் கத்தியால் இரண்டாக வெட்டிப் பெட்டியைத் திறந்தார்.

“இது என்ன சார்?”

“புத்தகம்.”

“உள்ள?”

“பாக்கெட்.”

“பாக்கெட்டுக்குள்ள?”

“ஈரம் உறியறது. பூஞ்ச வராம இருக்க.”

அவர் ஒன்றாம் நம்பரின் அட்டையைப் பிரித்தார். கப்பல் ஒன்று மூக்கை மேலே தூக்கி மூழ்கிக்கொண்டிருந்தது. இரண்டாம் நம்பரைப் பிரித்தார். கடத்தல். மூன்றாவதைப் பிரித்தார். விஷம். நான்காவது தானாகவே பாக்கெட் வைத்த பக்கத்தில் திறந்துகொண்டது. ‘கைது செய்யப்பட்டவரின் உரிமைகள்.’

“சார்,” என்றார், மெதுவாக. “நீங்க டூருக்குத்தான வந்திருக்கீங்க?”

ஆள் நல்லவர் என்பதை இப்போது ஒப்புக்கொள்கிறேன். பாக்கெட்டுகளை ஒரு தட்டில் கொட்டி, துணித்துண்டால் துடைத்து ஏதோ இயந்திரத்தில் வைத்துப் பார்த்தார். பச்சை விளக்கு எரிந்தது. “ஒண்ணுமில்ல, எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. நேரமாச்சு,” என்று சொல்லி, பதிவேட்டில் எழுதியபடியே வாய்விட்டுச் சொன்னார்: “பாக்கெட், நாப்பத்தேழு.”

நான் அங்கிருந்து கிளம்பியிருக்கலாம். கிளம்பியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

“நாப்பத்தெட்டு,” என்றேன்.

எண்ணினார். நாற்பத்தேழு. நான் எண்ணினேன். நாற்பத்தேழு. தட்டை மாற்றி, பத்துப் பத்தாக அடுக்கி எண்ணினேன். நாற்பத்தேழு.

“மேடம், லிஸ்ட்ல நாப்பத்தெட்டு. டேப்பு உங்க கையாலதான் அறுந்துது. நான் யாரையும் சொல்லல. ஆனா இங்க இருக்கறவங்க சட்டப் பைய ஒருவாட்டி காட்டிட்டா நல்லது.”

“இத எடுத்து நாங்க என்ன சார் பண்ணப் போறோம்? திங்கவா?”

“திங்கக் கூடாதுன்னு போட்டிருக்குது,” என்றேன். முப்பத்து நான்கு வருஷத்தில் குறைந்த சரக்குக்கு நான் கையெழுத்துப் போட்டதில்லை. ஒன்று குறைந்ததாக எழுதிக்கொடுத்தால்தான் நகருவேன் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

பிரபாகர் ஓடிவந்தான். “மாமா, பத்து நிமிசத்துல கேட்ட மூடறாங்க. எழுந்திருங்க!”

“ஒண்ணு கொறையுது மாப்ள.”

“ஊருக்குப் போனதும் ஒரு மூட்ட வாங்கித் தரேன் மாமா!”

(இவன் ஏன் இவ்வளவு அவசரப்படுகிறான் என்று நான் அப்போது யோசித்ததை மறைக்க விரும்பவில்லை.)

பின்னாலேயே எஸ்தர் வந்தாள். கையில் அந்த மாத நாவல்.

“இன்னாங்க?”

“ஒரு பாக்கெட்டு கொறையுது.”

அவள் தட்டைப் பார்த்தாள். கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாள். கண்ணாடிக்கு அப்பால், ஏழெட்டு மாடி உயரத்தில் வெள்ளையாக நின்ற கப்பலைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

“உங்களுக்கு நாப்பத்தெட்டு பாக்கெட்டு. எனக்கு ஒரே ஒரு கடல்தாங்க. நீங்க எண்ணி முடிச்சிட்டு வாங்க. நான் போறேன்.”

ஐந்தாவது அடியில் திரும்பிப் பார்ப்பாள் என்று எண்ணத் தொடங்கினேன். நாற்பத்தோரு அடி வைத்தாள். திரும்பவில்லை. ஷீலா என்னைப் பார்த்துக் கையைப் பிசைந்தாள். பிரபாகர் அவளை இழுத்துக்கொண்டு போனான்.

கொஞ்ச நேரத்தில் அந்த அதிகாரி ஒரு தாளில், ‘48 என்று பட்டியலில் உள்ளது, 47 காணப்பட்டது’ என்று எழுதி, கையெழுத்தும் முத்திரையும் போட்டு என் கையில் கொடுத்தார். ஒரு டீயும் வாங்கிக் கொடுத்தார். வெற்றி என்னுடையது. தாளை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைக்கும்போது கப்பல் ஊதியது.

ஜோலார்பேட்டை போகும் வண்டியில் ஏறி, கப்பல்கள் மூழ்குவதைப் படித்துக்கொண்டே ஆம்பூரில் வந்து இறங்கினேன். தெருவில் யார் கண்ணிலும் படாமல் வீட்டுக்குள் போய், வாசல் விளக்கைப் போடாமல், உள்ளறையில் மின்விசிறியை ஓடவிட்டு உட்கார்ந்தேன். கால் மணி நேரத்தில் வெளியே ஒரு சத்தம்.

“யார்ரா அது உள்ள? மரியாதையா வெளிய வந்துடு! நாலு பேர் நிக்கறோம்!”

ஜன்னல் வழியாகப் பார்த்தேன். “பாய், நீங்க ஒருத்தர்தான் நிக்கறீங்க.”

“சூப்பர்வைசர் சாரா? கப்பல்?”

“போய்டுச்சு.”

“நீங்க?”

“போவல.”

பாய் கையிலிருந்த தடியைச் சுவரில் சாய்த்துவிட்டு, வெகுநேரம் தலையைக் குனிந்தபடி நின்றார். சிரிக்கிறார் என்பது தோள் குலுங்கியதில் தெரிந்தது.

அந்த மூன்று நாளில் தொள்ளாயிரத்து அறுபது பக்கத்தையும் படித்து முடித்தேன். கணக்கு கச்சிதமாக இருந்தது. கடலுக்கு ஒதுக்கிய ஒரு மணி நேரம் மட்டும் மீந்துவிட்டது. அதை என்ன செய்வதென்று தெரியாமல் கூடத்தில் சும்மா உட்கார்ந்திருந்தேன். இரண்டு நாளாக எஸ்தரிடமிருந்து சேதி இல்லை. நடுக்கடலில் சிக்னல் கிடைக்காது என்று சொல்லியிருந்தார்கள். நான் அதையும் நம்பவில்லை.

மூன்றாம் நாள் காலை ஷீலாவின் நம்பரிலிருந்து ஒரு படம் வந்தது. கைப்பிடிக் கம்பி. அதற்கு அப்பால் நீலம், நீலத்தைத் தவிர எதுவும் இல்லை. காற்றில் கலைந்த தலையோடு எஸ்தர். நாற்பது வருஷத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. அவளுடைய கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே ஒரு சின்ன வெள்ளைப் பாக்கெட். கூடவே அவள் குரல்.

“உங்க நாப்பத்தெட்டாவது இங்க இருக்குது. அன்னிக்கு நீங்க டேப்பு ஒட்டறதுக்கு முன்னாடி ஒண்ணாம் நம்பர் புத்தகத்துலேர்ந்து உருவி, என் புத்தகத்துல அடையாளத்துக்கு வெச்சேன். அப்புறம் ஒண்ணு சொல்றேன் கேளுங்க. கர எங்கயும் தெரில. நாலு பக்கமும் எண்ணிப் பாத்துட்டேன்.”

அந்தப் படம் இப்போது எங்கள் கூடத்தில் சட்டம் போட்டுத் தொங்குகிறது. அதன் கீழே, துறைமுகத்தில் நான் சண்டை போட்டு வாங்கிய சான்றிதழையும் சட்டம் போட்டு மாட்டிவைத்திருக்கிறார்கள். வீட்டில் யார் புறப்படத் தாமதித்தாலும், “இன்னா, நாப்பத்தெட்டு ஆச்சா?” என்று கேட்கிறார்கள். பிரபாகர் புது ஷூ வாங்கும்போதெல்லாம் உள்ளேயிருக்கும் பாக்கெட்டைத் தபாலில் எனக்கு அனுப்பிவைக்கிறான். இதுவரை ஒன்பது வந்திருக்கிறது.

எனக்கு ஒரே ஒரு சந்தேகம் பாக்கி இருக்கிறது. அன்று அந்தத் தட்டுக்கு முன்னால் நின்று கையிலிருந்த புத்தகத்தைப் பார்த்தாளே, அப்போதே எஸ்தருக்குத் தெரியுமா? மூன்று வருஷமாகக் கேட்டுக்கொண்டிருக்கிறேன். கேட்கும்போதெல்லாம் அடுப்பில் ஏதோ தீய்கிறது என்று எழுந்து போய்விடுகிறாள்.

போன மாதம் மருமகன் மறுபடியும் கப்பல் டிக்கெட் எடுத்துக்கொண்டு வந்தான். வாங்கி எண்ணிப் பார்த்தேன். மூன்று.

“ஒண்ணு கொறையுதே மாப்ள.”

“இல்ல மாமா,” என்றான். “சரியாத்தான் இருக்குது.”