பாஞ்சோப் புத்தகத்தின் வயதைத் திரும்பப் பெறுதல்

பிராட்டில்பரோ, வெர்மான்ட்
மார்ச், செவ்வாய்க்கிழமை

பாஞ்சோக் காலாண்டிதழின் ஆசிரியர் திருமதி அடிலியா ப்ரௌட்டி அவர்களுக்கு,

ஓய்வுபெற்ற குழாய் ரிப்பேர்காரன் ஓரின் டாஸ்கர் பணிவுடன் எழுதுவது. தங்கள் மூட்டுவலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். இங்கே பனி உருகித் தெருவெல்லாம் சேறு, மற்றபடி சௌக்கியம். சௌக்கியமில்லாதது என் கட்டுரை ஒன்றுதான். என்னிடமுள்ள பாஞ்சோ இசைத்தொகுப்பு 1855-இன் முதல் அச்சு என்று நிரூபித்து அனுப்பினேனே, அதைத் தயவுசெய்து வெளியிட வேண்டாம். நம் பாஞ்சோ சங்கத்தின் கோடைக்கூட்டத்தில் பேசுகிறவர்களில் என் பெயரையும் அடித்துவிடுங்கள். வருடாவருடம் கேட்டுக் கேட்டு இப்போதுதான் கிடைத்த வாய்ப்பு. நான் பாஞ்சோவின் தந்தியைத் தொட்டாலே தோட்டத்துக்குப் போய்விடும் என் மனைவி வெர்னாகூட, இந்த ஒரு தடவை வந்து கேட்கிறேன் என்றிருந்தாள். அதுதான் பெரிய நஷ்டம்.

நடந்தது இதுதான். முதல் பக்கத்தில் பதிப்புரிமை 1855 என்று இருக்கிறதா, அதற்குக் கீழே பதிப்பகத்தின் விலாசம் இருக்க வேண்டிய இடத்தில் எங்கள் ஊர்க் கடைக்காரர் யாரோ அந்தக் காலத்தில் தன் கடைச் சீட்டை ஒட்டிவைத்திருக்கிறார். சங்கத்து நண்பர் லைல் குவிம்பி, உரிமை வாங்கிய வருடம் வேறு, அச்சடித்த வருடம் வேறு, அதே அச்சுத் தகட்டை வைத்து வருடக்கணக்காக அடிப்பார்கள், சீட்டுக்கு அடியில் என்ன விலாசம் என்று பார் என்று படித்துப் படித்துச் சொன்னார். பழைய சீட்டைப் பிய்ப்பது மகாபாவம் என்று நான் அவர் வாயை அடைத்தேன். அத்தோடு விட்டேனா, ஊரைக் கூட்டி விருந்தும் வைத்தேன். வெர்னா கேக் செய்து அதன்மேல் க்ரீமால் 1855 என்று எழுதியிருந்தாள். குவிம்பி தட்டை நீட்டி, "எனக்கு அந்தக் கடைசி அஞ்சு இருக்கிற துண்டைக் குடும்மா. எப்படியும் அது மாறப்போகுது" என்றார். சபையே சிரித்தது. என்னைத் தவிர.

மறுநாள் காலை, சீட்டைப் பிய்க்காமலே பக்கத்தை வெளிச்சத்தில் தூக்கி அடியிலுள்ள விலாசத்தைப் பார்த்து அவர் மூக்கை உடைக்கலாம் என்று புத்தகத்தைச் சமையலறை ஜன்னலுக்குக் கொண்டுபோனேன். முழங்கை இடித்து, பான்கேக்குக்கு வைத்திருந்த மேப்பிள் பாகு மொத்தமும் முதல் பக்கத்தில் கொட்டியது. நான் கத்த, வெர்னா ஓடிவந்து வெந்நீர்த் துணியால் ஒற்ற, சீட்டு பாட்டுக்கு வழுக்கிக்கொண்டு வந்து அவள் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அடியில் பதிப்பகத்தின் பாஸ்டன் விலாசம் பளிச்சென்று இருந்தது. குவிம்பிக்குப் போன் போட்டேன். அவர் அந்த நகரத்தின் பழைய விலாசப் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்து, அந்தத் தெருவுக்கு அவர்கள் குடிபோனதே உள்நாட்டுப் போர் முடிந்து 1867-இல்தான் என்றார். கேலி செய்வார் என்று காத்திருந்தேன். "பாகு காஞ்சிருச்சா, பக்கம் கிழியலையே?" என்றுமட்டும் கேட்டார். அதுதான் இன்னும் உறைத்தது.

ஆகவே பிழை என்னுடையது. தங்களுக்கும் இதழுக்கும் சந்தாதாரர் அனைவருக்கும் நல்ல பாஞ்சோத் தந்தியும் நல்ல தேக சுகமும் வாய்க்கட்டும்.

என்றும் பணிவுள்ள,
ஓரின் டாஸ்கர்

பி.கு.: உறையை ஒட்டுமுன் பிழை பார்க்கச் சொல்லி வெர்னாவிடம் இதைக் கொடுத்தேன். படித்தவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். "பாஞ்சோவைப் பத்தி நீ எழுதினதுல நான் கடைசிவரைக்கும் படிச்சது இது ஒண்ணுதான், ஓரின். பேசாம இதையே அங்க போய் வாசி" என்றாள். எனவே கட்டுரையை மட்டும் நிறுத்திவிடுங்கள்; கூட்டத்தில் இந்தக் கடிதத்தையே வாசிக்கிறேன். என் பெயர் இருக்கட்டும். முன்வரிசையில் ஒரு நாற்காலி மட்டும் அவளுக்காகப் பிடித்துவையுங்கள்.