அறக்குளா அண்ணையின் குற்றப் பதிவு

ரொறன்ரோவிலேயே உறைந்த மீனால் ஆளை அடித்துக் குற்றவாளியான ஒரே தமிழர் எங்கள் அறக்குளா அண்ணைதான். அவருடைய உண்மையான பெயர், படிவம் நிரப்பிக் கொடுத்த எனக்கு மட்டும்தான் தெரியும்.

பார்க்டேலில் மணியம் அண்ணையோடு ஒரே அறையில் இருந்த இளவயதில், குழம்புக்குத் தேங்காய்ப்பால் விடுவதா வேண்டாமா என்று சண்டை. கையில் கல்லாக இறுகிய அறக்குளா மீன். மணியத்தாரின் நெற்றியில் மூன்று தையல். பக்கத்து அறைக்காரர் கூப்பிட்ட பொலிஸ், ஆளையும் மீனையும் சேர்த்தே கொண்டுபோனது. "என்னை விட்டிட்டாங்கள் பிள்ளை, மீனைத் தரவேயில்லை" என்று இன்றைக்கும் குறைப்படுவார்.

பிறகு இருவரும் வோபர்னில் ஒரே கட்டடத்துக்குக் குடிவந்தார்கள். ஓய்வு பெற்ற அறக்குளா அண்ணை, காலையில் மஞ்சள் மழைக்கோட்டோடு பள்ளிக்கூடச் சந்தியில் நின்று, பிள்ளைகள் கடக்க வெறுங்கையைக் காட்டிக் கார்களை மறிப்பார். சாரதிகள் ஹோர்ன் அடிப்பார்கள். இவர் யாழ்ப்பாணத் தமிழில் திட்டுவார். அதே வேலையை 'ஸ்டொப்' பலகையோடு முறையாகச் செய்ய ஆசைப்பட்டு விண்ணப்பித்தபோதுதான் பழைய மீன் வெளியே வந்தது. குற்றப் பதிவு இருக்கிறவருக்குப் பலகை இல்லை என்றுவிட்டார்கள்.

பதிவை நீக்க மனுப் போட்டோம். திருந்திவிட்டார் என்று யாராவது கடிதம் தந்தால் நல்லது என்றேன்.

"அடி வாங்கினவனே எழுதட்டும்" என்றார் அண்ணை.

மணியத்தார் உருகி எழுதிக்கொண்டு வந்தார்: 'இவர் என்னை அடிக்கவேயில்லை. நான்தான் வழுக்கி மீனில் விழுந்தேன்.' வேண்டியவருக்குக் கடிதம் என்றால் எங்கள் ஆட்கள் இப்படித்தான் எழுதுவார்கள்.

"நான் அடிச்சனான்! அடிக்கேல்லை எண்டா, பிறகு நான் என்னத்திலயிருந்து திருந்தினனான்?"

"உன்னைக் காட்டிக்குடுக்கச் சொல்லுறியோ? மாட்டன்."

"எழுதடா எண்டுறன்!" அண்ணை என் மேசையிலிருந்த ஸ்டேப்ளரைத் தூக்கினார். பாய்ந்து பறித்தேன். இன்னொரு வழக்குக்குப் படிவம் நிரப்ப எனக்குத் தெம்பில்லை.

அண்ணை கதிரையில் இருந்தார். குரல் இறங்கிவிட்டது. "பலகை எங்கை அங்கிள் எண்டு பிள்ளையள் ஒவ்வொரு நாளும் கேக்குதுகள், மணியம்."

மணியத்தார் பேனையை எடுத்தார். 'அடித்தது உண்மை. மூன்று தையல். அன்றிலிருந்து என்னை ஒவ்வொரு டொக்டரிடமும் கூட்டிப்போகிறவனும் இவன்தான்.' அதை ஆங்கிலத்தில் எழுதும்போது எனக்குக் கண் கலங்கியது.

மாதக்கணக்கில் காத்திருந்து பதிவு நீங்கியது. பலகை கிடைத்த முதல் நாள், எந்த அலுவலும் இல்லாமலே மணியத்தார் அந்த வீதியை ஏழு தரம் கடந்தார். எட்டாவது தரம் நானும் கூடப் போனேன்.