லொரெய்ன் பேரில் விழுந்த துப்பாக்கி

அன்பும் மதிப்பும் மிக்க மச்சான் ஸ்டான்லி அவர்களுக்கு,

பென்சில்வேனியாவிலிருந்து வெர்னன் எழுதிக்கொள்வது. இங்கே நானும் நாயும் சௌக்கியம். உங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். உங்கள் தங்கை லொரெய்ன் சௌக்கியமா என்று எனக்குத் தெரியாது, ஏனென்றால் என் பெண்டாட்டி என் வீட்டில் இல்லை. மூன்று வாரமாக எங்கள் சின்ன மகள் பெவர்லி வீட்டில் இருக்கிறாள்.

காரணம் கிளிஃபர்ட். பள்ளிக்கூட பேண்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவன், மனைவி போய்ச் சேர்ந்து இரண்டு வருஷம், இந்த வயசிலும் தலை நிறைய முடி. செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கியைப் பொதுமக்கள் வைத்துக்கொள்ளத் தடை போடவேண்டும் என்று சட்டசபைக்கு ஒரு மனு எழுதி, கையெழுத்து வாங்க மடக்கு மேசையைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகத் திரிகிறான். மேசையின் மறுமுனையைத் தூக்குவது உங்கள் தங்கை. பள்ளிச் சமையலறையில் வேலை முடிந்ததும் நேரே அங்கேதான் ஓட்டம். அவனுக்கு வெண்ணெயில் வதக்கின முட்டைக்கோசு நூடுல்ஸ், அவனுக்கு ஆப்பிள் பை. எனக்கு டப்பா சூப்.

"கரடி வந்தா என்னடீ பண்றது?"ன்னு கேட்டேன். "உன் வேட்டைத் துப்பாக்கியை யாரு கேட்டா? விசையை அமுக்க அமுக்க முப்பது குண்டு போகுதே, அதைத்தான் கேக்கறோம். முப்பது கரடியா வருது உன்னைப் பாக்க?" என்றாள். அரசியல் சட்டம் கொடுத்த உரிமைன்னேன். "பதினோரு வருஷமா ஞாயித்துக்கிழமை ஆனா உன்னோட அந்த முப்பது குண்டுத் துப்பாக்கிக்குத்தான் எண்ணெய் போட்டுத் துடைக்கிற, எதிர்ல நான் ஒருத்தி உக்காந்திருக்கிறது கண்ணுல படுதா?" என்றாள். பேச்சு எங்கேயிருந்து எங்கே போகுது பாருங்க.

அதோட விட்டுதா? நம்ம ஊர்த் தீயணைப்புப் படை நிதி சேர்க்க வருஷா வருஷம் துப்பாக்கியைப் பரிசா வச்சுச் சீட்டுக் குலுக்கல் நடத்துமே, அது வந்தது. நான் எப்பவும் சீட்டுல லொரெய்ன் பேரைத்தான் எழுதுவேன், என் ராசி உங்களுக்குத் தெரியாததா? அவ பேர்ல ஒரு தடவை பன்றித்தொடை விழுந்தது, ஒரு தடவை பனி அள்ளுற மெஷின் விழுந்தது. கை பழக்கதோஷத்துல இந்த வருஷமும் எழுதிடுச்சு. அவளும் அந்த பேண்டுக்காரனும் வாசல்லயே மேசை போட்டு மனுவோட நிக்கறாங்க, உள்ளே மைக்குல, "முதல் பரிசு, செமி ஆட்டோமேட்டிக் துப்பாக்கி, லொரெய்ன் குப்செக்!" மண்டபமே குலுங்கிச் சிரிச்சது. "ஏம்மா, அந்த மனுவை வச்சுக் குறி பழகிக்கோ!"ன்னு ஒருத்தன் கத்தறான். ஜெயிச்சவங்களே துப்பாக்கிக் கடைக்கு வந்து படிவம் பூர்த்தி பண்ணி, குற்றப் பதிவு சரிபார்த்து வாங்கணும். புத்தி கெட்ட நான் எல்லார் எதிர்லயும் ஓடிப்போய், "ஒரு கையெழுத்துதானே, போட்டுடு"ன்னு சொல்லிட்டேன்.

வேண்டாம்னு மைக்குலயே சொல்லிட்டு வெளியே வந்தா. கார் பக்கத்துல நின்னு, "போன மாசம் பள்ளிக்கூடத்துல ஒத்திகை. எவனாவது சுட வந்தா எப்படி ஒளியறதுன்னு. இருபது பிள்ளைங்களோட மளிகை அறையில விளக்கை அணைச்சுட்டு உக்காந்திருந்தேன். ஒரு சின்னப் பொண்ணு, 'என் ஷூவுல லைட் எரியுது, கழட்டிடவா'ன்னு கேட்டா. அன்னிக்கு வீட்டுக்கு வந்ததும் ஏன் முகம் இப்படி இருக்குன்னு நீ கேட்டியா? கிளிஃபர்ட் கேட்டான்" என்றாள்.

அப்போ நான் என்ன சொல்லியிருக்கணும்? எனக்குத் தெரியும் மச்சான். ஆனா வாயில வந்தது, "அவனுக்கு முடி இருக்கு, அதான்." அப்பவே பெவர்லி வீட்டுக்குப் போயிட்டா.

எனக்கு வயிறு எரியுது, ஒளிக்காமச் சொல்றேன். சூப்பு இறங்கல. நீங்கள் மூத்தவராய் லட்சணமாக அவளிடம் பேசி, அந்த மனுவையும் அந்த மனுஷனையும் விட்டுவிட்டு வீட்டுக்கு வரச் சொல்லவேண்டும். என் உயிர் இருக்கும்வரை அந்தக் காகிதத்தில் நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

உங்களையும் உங்கள் வீட்டம்மாவையும் கர்த்தர் நோய்நொடியில்லாமல் வைத்திருக்க வேண்டும்.

இப்படிக்கு,
மனம் நொந்த
வெர்னன்

பி.கு.: தபாலில் போடுறதுக்குள்ள ரெண்டு நாள் ஆயிடுச்சு. மேலே இருக்கிறது எதையும் லொரெய்ன் கிட்ட சொல்லிடாதீங்க, அவ வந்துட்டா. அவ வேண்டாம்னதும் மறுபடி குலுக்கியிருக்காங்க. படைக்கு உதவியா இருக்கட்டும்னு அந்த கிளிஃபர்டும் ஒரு சீட்டு வாங்கியிருந்தானாம், அவன் பேர் விழுந்துடுச்சு! "தப்பான கைக்குப் போயிடக் கூடாதே"ன்னு வாங்கிக்கிட்டு, இப்போ தினமும் ஊருக்கு வெளியே ஜல்லி தோண்டின பள்ளத்துல நின்னு டப்பாவைச் சுட்டுக்கிட்டிருக்கான். லொரெய்ன் மேசையைத் தனியாளாத் தூக்கிட்டு வந்துட்டா. மச்சான், அவனோடதுல தொலைநோக்கி வேற இருக்கு! அதுக்கு முன்னாடி என்னோடது பொம்மை. எனக்குப் பொறுக்கல. சட்டம் சீக்கிரம் வரணும், அவன்கிட்டேயிருந்து அதைப் பிடுங்கணும், என்னோடதும் போனாப் போகட்டும். மனுவில் கையெழுத்துப் போட்டுட்டேன். உங்க சர்ச்சிலயும் நாலு பேர்கிட்ட வாங்கி அனுப்புங்க.

லொரெய்ன் என் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கிட்டிருந்தா. "அந்தப் பிள்ளைங்களுக்காகத்தானே போட்ட?"ன்னு கேட்டா. ஆமான்னு தலையாட்டினேன். என் தோள்ல சாஞ்சு அழுதுட்டா. காட்டிக்கொடுத்துடாதீங்க மச்சான்.